மெனோபாஸுக்கு ஹார்மோன் மாத்திரை, மூலிகை கேப்ஸ்யூல்: ஆன்லைனில் வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

#1 தெற்குரதவீதி
வணக்கம். வயது 49, அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. பீரியட்ஸ் வந்து ஏழு மாதம் ஆகிறது. ஏழாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருப்பேன், திடீரென்று கழுத்திலிருந்து குப்பென்று சூடு ஏறும், ரவிக்கை முதுகு நனைந்துவிடும். முன்பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், ஃபேனைக் கூட்டி வைக்கவா?" என்று கேட்கிறாள். கார்த்திகை மாதத்தில்! ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மொட்டைமாடியில் நடக்கிறேன். வீட்டுக்காரர் "பிரஷரைப் பாரு" என்றார். பார்த்தேன், 124/80.

டாக்டரிடமும் போனேன். மூன்று நிமிடம்கூட இல்லை. "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதாம்மா" என்று கால்சியம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அன்றைக்கு ராத்திரி போனில் "இரவு வியர்வை" என்று தேடினேன். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து எதைத் திறந்தாலும் விளம்பரம். மூன்று மாத டப்பா 1,899 ரூபாய், 14 மூலிகை, பக்கவிளைவே கிடையாதாம். ஒன்று வாங்கிவிட்டேன், இன்னும் திறக்கவில்லை.

இன்னொரு பக்கம், என்னோடு வேலை பார்க்கும் தோழி (51) ஒரு ஆப் வழியாக ஈஸ்ட்ரடயால் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாத்திரை) 2 மி.கி. வரவழைத்து நாலு மாதமாகச் சாப்பிடுகிறாள். சூடு, வியர்வை, தூக்கமின்மை எல்லாம் போய்விட்டதாம். "நீயும் வாங்குடி, ஏன் அவஸ்தைப்படுற" என்கிறாள். எது தேவலை? வாங்கியவர்கள் சொல்லுங்கள்.

#2 கருவேப்பிலை
நான் எதுவும் வாங்கவில்லை அக்கா. ராத்திரி ஊறவைத்த வெந்தயம், வாரம் இரண்டு நாள் உளுந்தங்களி, எள்ளுருண்டை. இரண்டு வருடத்தில் தானாக அடங்கிவிட்டது. களியால் அடங்கியதா, காலத்தால் அடங்கியதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

#3 வெல்னஸ்_சகோதரி
[விற்பனை இணைப்பும் வாட்ஸ்அப் எண்ணும் இருந்ததால் நீக்கப்பட்டது. மட்டுறுத்துநர்]

#4 மாத்திரை_அட்டை
22 வருடமாக மருந்துக்கடை நடத்துகிறேன், பி.ஃபார்ம். டீச்சரம்மா, உங்கள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் தோழியிடம் மூன்று விஷயம் கேட்டுச் சொல்லுங்கள். கர்ப்பப்பை இருக்கிறதா, எடுத்தாயிற்றா? ஈஸ்ட்ரடயாலோடு ப்ரொஜெஸ்ட்ரோன் என்று இன்னொரு மாத்திரை சாப்பிடுகிறாரா? இந்த நாலு மாதத்தில் ரத்தம் எட்டிப் பார்த்ததா? இன்றைக்கே கேளுங்கள்.

#5 தெற்குரதவீதி
கேட்டேன் அண்ணா. கர்ப்பப்பை இருக்கிறது. வேறு மாத்திரை எதுவும் இல்லை, இந்த ஒரே அட்டைதான். பீரியட்ஸ் நின்று இரண்டு வருடத்துக்கு மேல் ஆனவள், போன மாதம் இரண்டு நாள் லேசாகத் தெரிந்ததாம். "மறுபடி இளமை திரும்புது" என்று சிரித்தாள்.

எப்படி வாங்கினாள் என்றும் கேட்டேன். ஆப்பில் மாத்திரை பெயரைப் போட்டதும் "மருந்துச் சீட்டு இல்லையா? எங்கள் டாக்டர் அழைப்பார்" என்று வந்ததாம். பத்து நிமிடத்தில் போன். "வயசு மேடம்?" "ஐம்பத்தொண்ணு." "ஹார்மோன் கேட்டிருக்கீங்களா?" "ஆமா." "சுகர், பிரஷர்?" "இல்லை." "ஓகே மேடம்." கால் லாக் பார்த்தோம், 1 நிமிடம் 40 நொடி. சீட்டு பிடிஎஃப்பாக வந்துவிட்டது. கர்ப்பப்பை இருக்கிறதா என்று அவர் கேட்கவே இல்லை.

#6 மாத்திரை_அட்டை
இதற்குத்தான் கேட்டேன்.

கர்ப்பப்பையின் உட்சுவரை வளர்ப்பது ஈஸ்ட்ரோஜன். அந்த வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுவது ப்ரொஜெஸ்ட்ரோன். கர்ப்பப்பை உள்ளவருக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்தால் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும், நாள்பட்டால் அங்கே புற்றுநோய் வரும் அபாயம் கூடும். இது 1975-லேயே தெரிந்த விஷயம். அமெரிக்காவில் ஈஸ்ட்ரோஜனை மட்டும் விழுங்கிய பெண்களுக்குக் கர்ப்பப்பைப் புற்று அதிகமாக வருவதைக் கண்டுபிடித்த பிறகுதான் ப்ரொஜெஸ்ட்ரோன் வகையையும் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். கர்ப்பப்பை எடுத்தவருக்கு மட்டும் தனி ஈஸ்ட்ரோஜன் போதும். ஆக, அந்த 1 நிமிடம் 40 நொடியில் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்.

தோழி பயப்பட வேண்டாம். நாலு மாதத்தில் எல்லாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் நின்று ஒரு வருடம் கடந்த பிறகு ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தாலும், மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், பெண் மருத்துவரைப் பார்த்து ஸ்கேன் எடுக்க வேண்டும். இந்த வாரமே போகச் சொல்லுங்கள். அட்டையைக் கையோடு கொண்டுபோகட்டும்.

#7 எதிர்ப்பாட்டு
மருந்துக்கடை அண்ணன் ஆன்லைனைத் திட்டாமல் வேறு யார் திட்டுவார்? உங்கள் தொழில் படுத்துவிடும் என்ற கவலை. நான் 50 வயதில் தெருமுனைக் கடையில் சீட்டே இல்லாமல் ஹார்மோன் மாத்திரை வாங்கியிருக்கிறேன், பேப்பர் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அங்கேயும் கர்ப்பப்பையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போக பீரியட்ஸைத் தள்ளிப்போடும் மாத்திரையை ஐந்து ஐந்தாக வெட்டிக் கொடுக்காத கடை நம் ஊரில் எது?

#8 மாத்திரை_அட்டை
ஒத்துக்கொள்கிறேன். என் கடையிலும் நடந்திருக்கிறது, பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. ஈஸ்ட்ரடயால் ஷெட்யூல் எச் மருந்து. அட்டையைத் திருப்பிப் பாருங்கள், ஆர்எக்ஸ் குறியும், பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருக்கும். அது கடைக்கும் பொருந்தும், ஆப்புக்கும் பொருந்தும். ஆன்லைன் மருந்து விற்பனைக்கென்று தனி விதிகளை 2018 ஆகஸ்டில் வரைவாக வெளியிட்டார்கள், அது இறுதி வடிவத்துக்கு வந்தபாடில்லை.

ஒரே ஒரு வித்தியாசம் சொல்வேன். தப்பாகக் கொடுத்தால் என் சட்டையைப் பிடிக்க உங்களுக்கு என் கடை வாசல் தெரியும்.

#9 ஈஸ்ட்ஹாம்காரி
லண்டனிலிருந்து. இங்கே 2022-இல் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லுக்குப் பெரிய தட்டுப்பாடு வந்தது. பெண்கள் ஒருவருக்கொருவர் பாட்டிலைக் கைமாற்றிக்கொண்ட காலம். என் நாத்தனார் சென்னையிலிருந்து வரும்போது புடவைக்குள் சுருட்டி மாத்திரை கொண்டுவந்தார். நானும் வாங்கிச் சாப்பிட்டேன், மறைக்கவில்லை.

இப்போது கொஞ்சம் தேவலை. 2023 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் இரண்டு சீட்டுக்கான கட்டணத்தைக் கட்டினால் ஒரு வருடம் முழுக்க ஹார்மோன் மருந்து வாங்கிக்கொள்ளலாம். ஆன்லைன் மருந்துக்கடைகளும் நிறைய, ஆனால் அவற்றுக்கு மருந்தக கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். எண்ணைத் தட்டிப் பார்த்தால் யார், எந்த முகவரி என்று வந்துவிடும். நான் வாங்கும் இடத்தில் ஆர்டருக்கு முன்னால் ஒரு பக்கம் நிறையக் கேள்வி. முதல் இரண்டு: கர்ப்பப்பை இருக்கிறதா, காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருக்கிறதா. இரண்டாவதற்குத் தவறுதலாக "ஆம்" தட்டிவிட்டேன். ஆர்டரே நின்றுபோய், நேரில் மருத்துவரைப் பார்க்கச் சொல்லிவிட்டது. அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. மேலே எழுதியிருப்பதைப் படித்த பிறகு இல்லை.

பிறப்புறுப்பு வறட்சி, எரிச்சலுக்கு உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரடயால் மாத்திரையை 2022 செப்டம்பரிலிருந்து இங்கே சீட்டில்லாமல் கொடுக்கிறார்கள். 50 வயது தாண்டியிருக்க வேண்டும், பீரியட்ஸ் நின்று ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். அதுவும் ஃபார்மசிஸ்ட் கேள்வி கேட்ட பிறகுதான். அது ரத்தத்தில் மிகக் குறைவாகத்தான் கலக்கும், உடம்புச் சூட்டுக்கு உதவாது.

#10 கருவேப்பிலை
ஹார்மோன் என்றாலே மார்புப் புற்றுநோய் என்று எங்கள் அம்மா காலத்திலிருந்து கேள்விப்படுகிறோமே? தெரிந்தவரைக் கேட்டால் ஒன்றும் இல்லை என்கிறார், கூகுளைக் கேட்டால் எல்லாம் போய்விடும் என்கிறது.

#11 ஈஸ்ட்ஹாம்காரி
அந்தப் பயம் 2002 ஜூலையில் வந்தது. அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த ஆய்வை ஐந்து வருடத்தில் பாதியில் நிறுத்தினார்கள். செய்தியில் "26 சதவீதம் அதிகம்" என்றுதான் வந்தது. எண்ணாகச் சொன்னால், ஒரு வருடத்தில் பத்தாயிரம் பேரில் மாத்திரை சாப்பிடாதவர்களில் 30 பேருக்கு மார்புப் புற்று, சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு. இடுப்பெலும்பு முறிவு 15-லிருந்து 10 ஆகக் குறைந்தது. ரத்தக்கட்டு இரண்டு மடங்கானது, அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அந்தப் பெண்களின் சராசரி வயது 63. கொடுத்தது கருவுற்ற குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் ஒரு செயற்கை ப்ரொஜெஸ்ட்ரோன் வகையும். இப்போது 60 வயதுக்குள், அல்லது பீரியட்ஸ் நின்று பத்து வருடத்துக்குள் ஆரம்பித்தால் பெரும்பாலோருக்கு நன்மை கூடுதல் என்கிறார்கள். தோலில் தடவும் ஜெல், ஒட்டும் பேட்ச் இரண்டுக்கும் மாத்திரையைப் போல ரத்தக்கட்டு அபாயம் கூடுவதாகத் தெரியவில்லை. 2025 நவம்பரில் அமெரிக்காவில் மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்டத்துக்குள் போட்டிருந்த பழைய எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை எடுக்கப்போவதாகவும் அறிவித்தார்கள். அதற்காக ரிஸ்க் காணாமல் போய்விடவில்லை. யாருக்கு, எந்த வயதில், எந்த வடிவத்தில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

#12 தெற்குரதவீதி
தோழிக்கு வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட் போட்டாயிற்று, நானும் கூடப் போகிறேன்.

இதற்கிடையில் என் டப்பாவைத் திறந்தேன். உள்ளே பஞ்சு, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று, பழுப்பு கேப்ஸ்யூல்கள். மூக்கருகே கொண்டுபோனால் மாட்டுக்கொட்டகையில் காயப்போட்ட வைக்கோல் மாதிரி வாசனை. லேபிள் எழுத்துக்குப் பேரனின் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது. அமுக்கரா, தண்ணீர்விட்டான் கிழங்கு, சோயா ஐசோஃப்ளேவோன், பிளாக் கோஹோஷ், ஈவ்னிங் ப்ரிம்ரோஸ், கால்சியம், இன்னும் எட்டு. "கூட்டுக் கலவை 800 மி.கி." என்று மட்டும் இருக்கிறது, எது எவ்வளவு என்று இல்லை. எஃப்எஸ்எஸ்ஏஐ என்று 14 இலக்க எண் இருக்கிறது. அப்படியென்றால் அரசு அங்கீகாரம்தானே?

தயாரிப்பு தேதி மேல் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. நகத்தால் சுரண்டினேன், கிழிந்துவிட்டது, அடியில் எதுவும் தெரியவில்லை.

#13 வேப்பங்கொழுந்து
பி.எஸ்.எம்.எஸ். படித்த சித்த மருத்துவர். நான் இதை ஆதரிப்பேன் என்று எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும்.

அந்த 14 இலக்க எண் உணவுப்பொருள் உரிமம். முறுக்குப் பாக்கெட்டிலும் அதே மாதிரி எண் இருக்கும். சூடு குறையும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததற்கான சான்று அது அல்ல. சித்த மருந்தாக இருந்தால் "சித்த மருந்து" என்று போட்டு மருந்து தயாரிப்பு உரிம எண் இருக்க வேண்டும். உணவு என்று உரிமம் வாங்கி மருந்து என்று விளம்பரம் செய்வதுதான் இதில் உள்ள சாமர்த்தியம். மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்யும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரச் சட்டம் தடுக்கிறது. "ஹார்மோன் சமநிலை", "பெண்மையின் புத்துணர்ச்சி" என்று சுற்றிவளைத்து எழுதுவது அதனால்தான் என்பது என் ஊகம்.

உள்ளே இருப்பதைப் பார்ப்போம். தண்ணீர்விட்டான் கிழங்கு நம் நூல்களில் பெண்களுக்கு உரியது, நானும் கொடுக்கிறேன். ஆனால் சூட்டு அலைக்கு அது உறுதியாக வேலை செய்கிறது என்று சொல்லும் அளவுக்குப் பெரிய ஆய்வு இல்லை. சோயாவுக்குச் சிலருக்குச் சிறு பலன். ப்ரிம்ரோஸ் எண்ணெய்க்கு நல்ல சான்று கிடையாது. பிளாக் கோஹோஷ் வட அமெரிக்க வேர், நம் மரபிலேயே இல்லாதது. கல்லீரல் பாதித்ததாக அபூர்வமாகப் புகார்கள் வந்து, பிரிட்டனில் 2006-இல் லேபிளில் எச்சரிக்கை போடச் சொன்னார்கள். அமுக்கராவுக்கும் அதே மாதிரிக் கல்லீரல் புகார்கள் உண்டு. ஹார்மோன்களைப் பாதிக்கலாம் என்று டென்மார்க் 2023-இல் அதைத் தடையே செய்துவிட்டது. நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன், ஆனால் தைராய்டு இருப்பவருக்குக் கேட்காமல் கொடுக்கவும் மாட்டேன்.

இதைவிட எனக்குப் பயம், லேபிளே இல்லாமல் வாட்ஸ்அப்பில் விற்கும் சூரணமும் பற்பமும். 2008-இல் ஒரு அமெரிக்க ஆய்வுக்குழு இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதப் பொருட்களை வாங்கிச் சோதித்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஏதாவது ஒன்று இருந்தது. முறையாகச் சுத்தி செய்து கொடுப்பவர்களுக்கும் சேர்த்துக் கெட்ட பெயர்.

டீச்சர், உங்களுக்குத் தைராய்டு உண்டா?

#14 தெற்குரதவீதி
உண்டு. ஆறு வருடமாகத் தைராக்சின் 50. காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடுகிறேன், மறந்துவிடக் கூடாதென்று கால்சியத்தையும் அதோடு சேர்த்தே போட்டுவிடுவேன்.

#15 மாத்திரை_அட்டை
ஐயோ டீச்சரம்மா. கால்சியம் தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாது. குறைந்தது நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். சோயாவும் கொஞ்சம் தடுக்கும். அமுக்கரா தைராய்டு அளவை ஏற்றிவிடலாம், ஏறினால் படபடப்பும் வியர்வையும் வரும். ஒரே கேப்ஸ்யூலில் ஒன்று இந்தப் பக்கம் இழுக்க, இன்னொன்று அந்தப் பக்கம் இழுக்கும். எதையும் வாங்குவதற்கு முன்னால் டிஎஸ்எச் (தைராய்டு ரத்தப் பரிசோதனை) ஒன்று பாருங்கள்.

#16 எதிர்ப்பாட்டு
எல்லாம் சரி. ஆனால் என் அக்காவுக்கு இதே மாதிரி ஒரு கேப்ஸ்யூலில் பாதி சூடு குறைந்தது. கண்ணால் பார்த்தேன். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

#17 வேப்பங்கொழுந்து
குறைந்திருக்கும், பொய் இல்லை. ஹார்மோன் மாத்திரை ஆய்வுகளிலேயே, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கும் சூட்டு அலை பாதிக்கு மேல் குறைந்தது. காலம், நம்பிக்கை, கவனிப்பு எல்லாம் சேர்ந்தது அது. 1,899 ரூபாய்க்கு எந்தப் பாதியை வாங்கினார் என்பதுதான் கேள்வி. என் நோயாளிகளிலும் சிலருக்கு இப்படித்தான் குறைகிறது என்பதை ஒத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

#18 முடி_வளர்கிறது
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மார்புப் புற்று சிகிச்சை முடிந்து மூன்று வருடம், அது திரும்பாமலிருக்க டமாக்சிஃபென் சாப்பிடுகிறேன். அதுவே சூட்டைக் கிளப்பும், கீமோவில் பீரியட்ஸும் ஒரேயடியாக நின்றுபோனது. 44 வயதில் இரட்டை அடி.

ஹார்மோன் எனக்கு ஆகாது என்று தெரியும். "மூலிகைதானே" என்று வெளிநாட்டுத் தளம் ஒன்றில் ஒரு பாட்டில் வரவழைத்தேன். புற்றுநோய் டாக்டரிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "முதலில் அதைக் கொண்டு வாங்க" என்றார். அதில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை இருந்தது. மருந்துகளைக் கல்லீரல் உடைக்கும் வேகத்தை அது கூட்டிவிடுமாம், டமாக்சிஃபெனின் அளவே உடம்பில் குறைந்துபோகலாம். கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து என்று பல மருந்துகளுக்கும் அது எதிரி. சரி, உங்களால் தூங்க முடியவில்லையா என்று கேட்டு வென்லாஃபாக்சின் குறைந்த அளவில் கொடுத்தார். மனச்சோர்வு மருந்துதான், ஆனால் சூட்டைக் குறைக்கும். அதே வகையில் பராக்சிட்டின் என்று ஒன்று இருக்கிறது, அது டமாக்சிஃபெனோடு ஒத்துப்போகாது என்பதால் தவிர்த்தார்.

ஹார்மோன் ஆகாதவர்களுக்கும் வழி இருக்கிறது. எனக்கு அதைச் சொல்ல ஆள் கிடைக்க இரண்டு வருடம் ஆனது.

#19 கருவேப்பிலை
ஜெல்லை ஆன்லைனில் வாங்கலாமா? சீட்டு இருக்கிறது, எங்கள் ஊர்க் கடையில் கிடைக்கவில்லை.

#20 மாத்திரை_அட்டை
சீட்டு உண்மையானது, கடையின் உரிம எண்ணும் ஃபார்மசிஸ்ட் பெயரும் பில்லில் இருக்கிறது என்றால் வாங்கலாம், தப்பில்லை. பெட்டியில் போட்டிருக்கும் வெப்ப அளவைப் பாருங்கள். சித்திரையில் கூரியர் வண்டிக்குள் எவ்வளவு கொதிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ப்ரொஜெஸ்ட்ரோன் மென்மையான கேப்ஸ்யூல், வெயில் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். அப்படி வந்தால் வாங்காதீர்கள். ப்ரொஜெஸ்ட்ரோனை ராத்திரி படுக்கும்போது போடச் சொல்வார்கள், தூக்கம் வரும் என்பதால். ஜெல் தடவிய கையைக் கழுவிவிட்டுப் பேரப்பிள்ளையைத் தூக்குங்கள்.

அப்புறம் டீச்சரம்மா, உங்களுக்கு ஏழு மாதம்தான் ஆகிறது. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. இந்த ஹார்மோன் மாத்திரை கருத்தடைக்கும் ஆகாது. 49 வயதில் "இனி எங்கே" என்று இருந்து மாட்டிக்கொண்டவர்கள் என் கடைக்கு வந்திருக்கிறார்கள்.

#21 எதிர்ப்பாட்டு
அதை வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள் டீச்சர் :)

#22 தெற்குரதவீதி
பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

தோழிக்கு ஸ்கேனில் கர்ப்பப்பை உட்சுவர் 11 மில்லிமீட்டர் இருந்தது. ஐந்துக்குள் இருக்க வேண்டுமாம். கொஞ்சம் திசு எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர எட்டு நாள். அந்த எட்டு நாளும் ஸ்டாஃப் ரூமில் அவள் டிபன் பாக்ஸைத் திறந்து, பார்த்து, மூடிவிடுவாள். புற்றுநோய் இல்லை. உட்சுவர் தடித்திருக்கிறது, செல்கள் கெட்டுப்போகவில்லை. ஈஸ்ட்ரடயாலை நிறுத்தி ப்ரொஜெஸ்ட்ரோன் ஆரம்பித்திருக்கிறார்கள், ஆறு மாதத்தில் மறுபடி திசு எடுக்க வேண்டும். சூடு திரும்ப வந்துவிட்டது. "அந்த நாலு மாசம்தான்டி நான் மனுஷியா இருந்தேன்" என்று அழுதாள். அந்த அழுகையை நான் தப்பென்று சொல்லமாட்டேன். சரியான ஜோடியாக ஹார்மோன் கொடுக்கலாமா என்று பிறகு பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அதே டாக்டரிடம் நானும் காட்டினேன். இருபது நிமிடம் உட்கார வைத்துக் கேட்டார். காலில் ரத்தக்கட்டு வந்ததுண்டா, அம்மாவுக்கோ சித்திக்கோ மார்பில் கட்டி உண்டா, ஒற்றைத் தலைவலி வருமா, கல்லீரலில் ஏதாவது உண்டா. சித்திக்கு இருந்தது என்றேன். மேமோகிராம் எழுதியிருக்கிறார். டிஎஸ்எச் 7.8, அதிகமாம். கால்சியத்தை மதியத்துக்கு மாற்றிவிட்டேன், ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஜெல்லா, ஹார்மோன் இல்லாத மருந்தா என்று அதற்கப்புறம்தான் முடிவு. அதுவரை மொட்டைமாடிதான்.

டப்பாவைத் திருப்பி அனுப்பப் பார்த்தேன், சீல் உடைத்ததால் எடுக்கமாட்டார்களாம். இன்று காலை அடுத்த டப்பா வந்து நின்றது. சந்தா என்று எதிலோ டிக் விழுந்திருக்கிறது போல. வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கூரியர் பையன் போனில் எதையோ தட்டிக்கொண்டே, "இந்தத் தெருவுல இன்னும் மூணு வீட்டுக்கு இதே டப்பா இருக்கு ஆன்ட்டி, அவங்களும் வேணாம்னுவாங்களா?" என்று கேட்டான். எந்தெந்த வீடு என்று கேட்டேன், சொல்லவில்லை.

#23 மாத்திரை_அட்டை
வங்கியில் தானாகப் பணம் எடுக்கும் அனுமதி கொடுத்திருந்தால் அதையும் ரத்து செய்யுங்கள், டப்பாவைத் திருப்பினால் மட்டும் போதாது. தோழியின் ஈஸ்ட்ரடயால் மிச்ச அட்டையை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.

#24 தெற்குரதவீதி
மிச்ச அட்டையை ஏற்கெனவே ஒருத்தி கேட்டுவிட்டாள் அண்ணா. எங்கள் ஹெச்.எம்.